காதுகுத்து வீடியோ மேல கைய வெக்காத!

வானூர்,
ஞாயிறு ராத்திரி.

என் அருமைத் தோழிக்கு,

முதல் வேலையா லேப்டாப்பைத் திறந்து ரீசைக்கிள் பின்னுக்குப் போ. மயிலம் கோயில்ல பையனுக்கு மொட்டை போட்டுக் காது குத்தின வீடியோவை நேத்து மனசைக் கல்லாக்கிக்கிட்டு அழிச்சேன்னு சொன்னியே, அது அங்கதான் படுத்திருக்கும். அது மேல ரைட் கிளிக் பண்ணி ரீஸ்டோர் குடு. குடுத்துட்டு வந்து மீதியைப் படி.

அழிச்சும் சி டிரைவ்ல இடம் ரொம்பிடுச்சுன்னு காட்டற சிவப்புக் கோடு அசையவே இல்லைன்னு வாய்ஸ் மெசேஜ்ல புலம்பினியே, அப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு. டெலீட் அமுக்கினா ஃபைல் எங்கயும் போறதில்லடி. ஒவ்வொரு டிரைவுக்குள்ளயும் கண்ணுக்குக் காட்டாம ரீசைக்கிள் பின்னுக்குன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, அதுக்குள்ள நகர்ந்து உக்காந்துக்கும். பின்னைக் காலி பண்ற வரைக்கும் ஒரு எம்பி கூடக் கைக்கு வராது. அதனாலதான் உன் வீடியோ பிழைச்சுது. அடுத்தது கல்யாண ஆல்பம்னு சொன்ன பாரு, எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு. அந்த ஆல்பத்துல நானும்தான இருக்கேன், பச்சைப் பட்டுல, பதினெட்டு வயசுல!

போன்லயே சொல்லியிருப்பேன். உங்க மாமியார் பக்கத்துல இருந்தா நீ ம், ம்னு மட்டும்தான் பேசுவ, பாதி காதுல ஏறாது. அதோட இந்த டிஸ்க் சமாச்சாரத்துல வம்பும் கொஞ்சம் கலந்திருக்கு. வம்பை எழுதினாத்தான் எனக்குத் திருப்தி.

கடை எப்பவும்போலத்தான் ஓடுது. தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வெச்சவளுக்குச் சோத்துக்குக் குறை இல்ல, நிம்மதிக்குத்தான் குறை. பட்டா, சிட்டா, வில்லங்கம், சாதிச் சான்றுன்னு காலையிலேர்ந்து வரிசை நிக்குது. டிஎன்பிஎஸ்சி போடற புள்ளைங்க வந்து, "அக்கா, போட்டோவை 50 கேபிக்குள்ள கொண்டாந்துடுங்க"ன்னு நிப்பாங்க. அதுங்க மூஞ்சியைச் சுருக்கிச் சுருக்கி 49 கேபிக்கு நான் கொண்டு வர்றப்போ, அதே கம்ப்யூட்டர்ல 3 ஜிபிக்கு ஒரு ஃபைல் யார் கண்ணுலயும் படாம சொகுசா உக்காந்திருக்கும். அதோட பேரு ஹைபர்ஃபில். அதைப் பத்தி மரக்காணம் மாமா கதையில சொல்றேன்.

மரக்காணம் மாமாவை உனக்கு ஞாபகம் இருக்கும், உப்பளத்துல கணக்கு எழுதறவர். நாம ஸ்கூல் படிக்கறப்போ சைக்கிள் கேரியர்ல ஒரு பை உப்பு கட்டிக்கிட்டு வருவாரே, அவரேதான். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை ஏறினப்போ மயிலத்துல ஒரே நாள்ல அம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டுச்சுல்ல, அந்தப் புயல் மழையில மாமாவோட பழைய கணக்கு நோட்டெல்லாம் ஊறிப் போச்சு. மை கரைஞ்சு, எந்த மூட்டை எந்த லாரியில போச்சுன்னே தெரியல. "இனிமே காகிதமே வேணாம்"னு சபதம் போட்டு, பொண்ணோட பழைய லேப்டாப்பைப் பரண்லேர்ந்து இறக்கினாரு. பொண்ணு பிளஸ் டூ படிக்கறப்போ கவர்மென்ட் குடுத்தது. அந்தத் திட்டம் ஆரம்பிச்சது 2011 செப்டம்பர் 15. ஜெயலலிதாம்மா திருவள்ளூர் பக்கம் காக்களூர்ல மிக்சி, கிரைண்டர், ஃபேனோட சேர்த்துத் தொடங்கி வெச்சாங்க. மிக்சியெல்லாம் எப்பவோ பழைய இரும்புக்குப் போயிடுச்சு, மாமா வீட்டு லேப்டாப் மட்டும் இன்னும் மூச்சு விடுது. பேட்டரி செத்துப் போச்சு, உப்புக் காத்துல யுஎஸ்பி ஓட்டையெல்லாம் பச்சை பூத்திருக்கு, ஆனா ஓடுது.

அதைத் தூக்கிக்கிட்டு கடைக்கு வந்தாரு. நாலு பேரு நிக்கறப்போ சத்தமா, "ஏம்மா, டிஸ்க் 320 ஜிபின்னு அடியில ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான். உள்ள போய்ப் பார்த்தா அவ்ளோ இல்ல. மிச்சம் எங்க?"ன்னாரு. உப்பளத்துல எடை பார்த்துப் பழகின மனுஷன், ஒரு கிலோ குறைஞ்சாலும் கேப்பாரு. வரிசையில இருந்தவங்க எல்லாம் பட்டாவை மறந்துட்டு என் வாயையே பார்க்கறாங்க.

ரெண்டு பதில் சொன்னேன். முதலாவது, எடைக்கல் வித்தியாசம். டிஸ்க் செய்யறவங்க ஆயிரம் ஆயிரமா எண்ணிப் பெட்டி மேல எழுதறாங்க, விண்டோஸ் 1,024, 1,024-ஆ எண்ணிக் காட்டுது. அதனால 320-ன்னு வாங்கினது 298-ன்னு தெரியும். ஒரு டிபி வாங்கினா 931 ஜிபிதான் காட்டும். யாரும் திருடல. "அதான பார்த்தேன், ரெண்டு படிக்கல்லு"ன்னு மாமா தலையை ஆட்டிக்கிட்டாரு, நம்பின மாதிரி தெரியல.

ரெண்டாவதுதான் சுவாரசியம். டிஸ்க் மேனேஜ்மென்ட்னு ஒரு திரை இருக்கு. ஸ்டார்ட் பட்டன் மேல ரைட் கிளிக் பண்ணினா உன் லேப்டாப்லயே வரும். அதைத் திறந்தா டிஸ்க்கை நீளமாப் படுக்க வெச்சுத் துண்டு துண்டாக் காட்டும். மாமா லேப்டாப்ல சி இருந்துச்சு, டி இருந்துச்சு, நடுவுல பேரும் இல்லாம எழுத்தும் இல்லாம ஒரு பெரிய துண்டு. அது என்னன்னா, அந்த இலவச லேப்டாப்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸையும் சேர்த்து ஏத்திக் குடுத்திருந்தாங்க. மத்திய அரசோட சி-டாக், நம்ம சென்னையில உக்காந்து உருவாக்கினது. லினக்ஸ் இருக்கற துண்டை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, அதனால மை கம்ப்யூட்டர்ல காட்டவே காட்டாது. "பாஸ்னு ஒண்ணு உள்ள இருக்கு மாமா"ன்னேன். "எந்த பாஸு? நான் யாருக்குக் கீழயும் வேலை பார்க்கலியே"ன்னாரு. கடையே சிரிச்சுது.

அதை அழிச்சு இடத்தை எடுத்துக்கலாமேன்னு உனக்குத் தோணும், எல்லாருக்கும் தோணும். கிளியனூர் பக்கத்துப் பையன் ஒருத்தன் யாரோ சொன்னாங்கன்னு அதைத்தான் பண்ணினான். மெஷினைப் போட்டதும் முதல்ல எதை எழுப்பறதுன்னு கேக்கற கிரப்புங்கற குட்டி நிரல் அந்த லினக்ஸ் துண்டைத்தான் நம்பி இருக்கு. துண்டு போனதும் அதுக்குத் திக்குத் தெரியல. அடுத்த தடவை போட்டா கறுப்புத் திரையில கிரப் ரெஸ்க்யூன்னு ஒரு வரி, அவ்ளோதான். விண்டோஸ் உள்ள பத்திரமா இருக்கு, எழுப்பத்தான் ஆளில்ல. அவங்க அம்மா அந்த லேப்டாப்பைத் துணியில சுத்தித் தூக்கிக்கிட்டு வந்து என் கடை வாசல்ல அழுத அழுகை இருக்கே! சரி பண்ண முடிஞ்சுது, ஆனா ஒரு முழு சாயங்காலம் போச்சு. அதனால ஒண்ணைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ: டிஸ்க் மேனேஜ்மென்ட்டைக் கண்ணால மட்டும் பாரு. உன் மெஷின்லயும் ரெக்கவரி, ஈஎஃப்ஐன்னு எழுத்தில்லாத சின்னச் சின்னத் துண்டுங்க இருக்கும், அதுங்களை ஒண்ணும் பண்ணாத.

மாமாவுக்கு இடம் வேற பக்கத்துலேர்ந்து கிடைச்சுது. சொன்னேன்ல, ஹைபர்ஃபில். லேப்டாப்பை ஹைபர்னேட் பண்ணினா, திறந்திருக்கறதையெல்லாம் மெமரியிலேர்ந்து டிஸ்க்குல எழுதி வெச்சுட்டு முழுசா அணைஞ்சிடும், திரும்பப் போட்டா விட்ட இடத்துலேர்ந்து எழும். எழுத இடம் வேணும்ல, அதுக்காக முன்கூட்டியே மறைச்சு வெச்சுக்கற ஃபைல் அது. பழைய விண்டோஸ் 7-ல மெமரி அளவுல முக்கால் பங்கு, இப்ப உள்ளதுல அஞ்சுல ரெண்டு பங்கு. 8 ஜிபி மெமரி இருந்தா மூணே கால் ஜிபி கிட்ட சும்மா கிடக்கும். மாமாவுக்குப் பேட்டரியே செத்துப் போச்சு, கரண்ட் போனா அந்த நொடியே பொட்டுன்னு அணையும். எழுதி வெச்சுட்டுத் தூங்க நேரம் ஏது? அதனால நிறுத்திட்டேன். அதுக்கு ஒரே ஒரு வரிக் கட்டளைதான், உனக்கு வேணும்னா எழுத்துக்கு எழுத்து வாட்ஸப்ல அனுப்பறேன். ஆனா உனக்கு வேணாம்னுதான் சொல்வேன். உன் பேட்டரி நல்லா இருக்கு, நீ பாதி வேலையில மூடி வெக்கற ஆளு. அதை நிறுத்தினா வேகமாத் திறக்கற வசதியும் சேர்ந்து போயிடும். ஃபைலைத் தேடிப் பிடிச்சு டெலீட் அமுக்கினா போகாது, அதையும் சொல்லிடறேன்.

அதை விடப் பெரிசா மாமா மெஷின்ல கிடந்தது ரீஸ்டோர் பாயின்ட்டுங்க. ஏதாவது புதுசா ஏத்தறப்போ, கெட்டுப் போனா பழைய நிலைக்குத் திரும்பலாம்னு விண்டோஸ் ஒரு நகல் எடுத்து சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்ங்கற ஃபோல்டருக்குள்ள போட்டு வெக்கும். மறைஞ்ச ஃபோல்டர்தான், தட்டினாலும் திறக்காது. சிஸ்டம் புரொடெக்ஷன்ல போய் அது எவ்வளவு வரைக்கும் சாப்பிடலாம்னு அளவைக் குறைச்சேன். அப்புறம் டிஸ்க் கிளீனப்பை ஓட விட்டேன். எல்லாம் முடிஞ்சப்போ இருபது ஜிபிக்கு மேல காலியா நின்னுது. அதுக்கெல்லாம் முன்னாடி, கணக்கு ஃபைல் அத்தனையையும் ஒரு பென்டிரைவ்ல எடுத்து அவர் கையில குடுத்துட்டேன். ஏற்கெனவே ஒரு தடவை கணக்கைத் தண்ணிக்குப் பறிகொடுத்த மனுஷன்.

இப்ப உன் கதைக்கு வர்றேன். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட பாதுகாப்பு அப்டேட் நிறுத்தறாங்கன்னு சொன்னதுலேர்ந்து ஊரே பதினொண்ணுக்கு மாறிக்கிட்டிருக்கு. நீயும் போன வாரம் மாத்திக்கிட்டேன்னு பெருமையாச் சொன்ன. அதுக்கு அடுத்த நாள்தான் சிவப்புக் கோடு வந்துச்சு, சரியா? பழைய விண்டோஸை முழுசா விண்டோஸ் டாட் ஓல்டுங்கற ஃபோல்டர்ல மூட்டை கட்டி வெச்சிருக்கும், பிடிக்கலைன்னா திரும்பிப் போக. இருபது ஜிபி வரைக்கும்கூட வளரும். பத்து நாளானா தானாவே அழிஞ்சிடும். அதாவது, நீ ஒண்ணுமே பண்ணாம கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும், காதுகுத்து வீடியோவைத் தூக்கி எறிஞ்சிருக்க வேணாம்! அவசரம்னா செட்டிங்ஸ்ல சிஸ்டம், அதுக்குள்ள ஸ்டோரேஜ், அதுக்குள்ள டெம்பரரி ஃபைல்ஸ். அங்க முந்தைய விண்டோஸ்னு ஒரு வரி இருக்கும், அதுல டிக் போட்டு அழி. ஆனா முதல்ல உன் பிரின்டரும் உங்க வீட்டுக்காரரோட டேலியும் புதுசுல ஒழுங்கா ஓடுதான்னு பார்த்துக்கோ. அழிச்சா திரும்ப வழி இல்ல.

அந்தப் பட்டியல்லயே டவுன்லோட்ஸ்னும் ஒரு வரி இருக்கும். அதுல மட்டும் டிக் போட்டுடாத. டெம்பரரிங்கற தலைப்புக்குக் கீழ அதை ஏன் வெச்சாங்களோ! உன் ரேஷன் கார்டு, பையன் ஃபீஸ் ரசீது எல்லாம் அங்கதான கிடக்கும்.

இன்னொரு சந்தேகம் எனக்கு, இது வம்புதான், கோச்சுக்காத. உங்க வீட்டுக்காரர் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஐபோன் மாத்தறாரே, அதை இந்த லேப்டாப்புல செருகி ஐட்யூன்ஸ்ல பேக்கப் எடுப்பார்ல? அது டாகுமென்ட்ஸ்ல போகாது. ஆப்டேட்டான்னு ஒரு மறைஞ்ச ஃபோல்டர், அதுக்குள்ள மொபைல்சிங்க்னு ஒண்ணு, அதுக்குள்ளதான் போகும். அவர் வித்துட்டுப் போன பழைய போனோட பேக்கப்பும் அங்கயே கிடக்கும். ஒவ்வொண்ணும் பத்து, இருபது, ஏன், அம்பது ஜிபி கூட இருக்கும். உன் காதுகுத்து வீடியோ மொத்தமே நாலு ஜிபி! யார் யார் இடத்தைச் சாப்பிடறாங்கன்னு இப்பப் புரியுதா? ஃபோல்டருக்குள்ள போய்க் கையால அழிக்க வேணாம், ஐட்யூன்ஸ்லயே பிரிஃபரன்சஸ்ல டிவைசஸ்னு போனா பட்டியல் வரும், இல்லாத போனோடதை அங்கேர்ந்து அழிக்கலாம். ராத்திரி சாப்பாடு போட்டுட்டு மெதுவாக் கேளு.

இதையெல்லாம் ஊகத்துல சொல்லாம கண்ணால பார்க்க ஒரு வழி இருக்கு. வின்டிர்ஸ்டாட்னு ஒரு இலவச நிரல். அது டிஸ்க் முழுக்க அலசும், அலசி முடிக்கற வரைக்கும் திரையில பேக்மேன் குட்டிக் குட்டியா வாயைத் திறந்து மூடிக்கிட்டு ஓடும், உன் பையன் ரசிப்பான். முடிஞ்சதும் டிஸ்க்கையே கலர் கலரா கட்டங்களாக் காட்டும். பெரிய ஃபைல் பெரிய கட்டம், சின்ன ஃபைல் சின்னக் கட்டம். மறைஞ்சதுன்னு எதுக்கும் சலுகை கிடையாது. பெரிய கட்டத்து மேல தட்டினா அது எங்க குடியிருக்குன்னு விலாசம் சொல்லும்.

இந்தக் கட்டப் படம் பிறந்த கதையும் நம்ம கதைதான்டி. 1990-ல அமெரிக்காவுல மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துல பென் ஷ்னைடர்மேன்னு ஒரு பேராசிரியர். அவங்க ஆய்வுக்கூடத்துல ஒரே ஒரு டிஸ்க், மொத்தம் 80 எம்பி. நல்லாப் படி, எம்பி. அதைப் பதினாலு பேரு பகிர்ந்துக்கறாங்க. டிஸ்க் ரொம்பிப் போச்சு, யாரு ரொப்பினாங்கன்னு தெரியல. ஒருத்தர் மேல ஒருத்தருக்கு எவ்ளோ சந்தேகம் இருந்திருக்கும், யோசிச்சுப் பாரு! கூட்டுக் குடும்பத்துல ஃப்ரிட்ஜ் வெச்சிருக்கற உனக்கு நான் சொல்லணுமா. யாரோட ஃபைல் எவ்வளவு இடம்னு ஒரே பார்வையில தெரியணும்னு மண்டையை உடைச்சுக்கிட்டு அந்த மனுஷன் கண்டுபிடிச்சதுதான் இந்தக் கட்டம் போடற முறை. இன்னைக்குப் பங்குச் சந்தை ஏத்த இறக்கத்தை டிவியில பச்சை, சிவப்புக் கட்டமாக் காட்டறாங்களே, அதுவும் அதே முறைதான்.

மறைஞ்ச ஃபைல்னு ஒண்ணு ஏன் இருக்கணும்னு நீ கேட்டே. விண்டோஸைப் பொறுத்தவரைக்கும், நம்ம கை பட்டுக் கெடக் கூடாதுன்னுதான். லினக்ஸ்லயும் போன்லயும் கதை வேற, பேருக்கு முன்னாடி ஒரு புள்ளி வெச்சா அந்த ஃபைல் மறைஞ்சிடும். இந்த வழக்கம் எப்படி வந்துச்சுன்னு ராப் பைக்னு யூனிக்ஸ் காலத்துப் பெரியவர் ஒருத்தர் 2012-ல எழுதினாரு. பெல் ஆய்வகத்துல அந்தக் காலத்துல பட்டியல் போடறப்போ ஒத்தைப் புள்ளி, ரெட்டைப் புள்ளின்னு ரெண்டு சம்பிரதாயப் பேரு வந்து தொந்தரவு பண்ணிச்சாம். அதைத் தவிர்க்க நிரல் எழுதினவரு சோம்பேறித்தனமா, முதல் எழுத்து புள்ளியா இருந்தாலே காட்டாதேன்னு எழுதிட்டாராம். அவ்ளோதான், புள்ளியில ஆரம்பிக்கற எல்லாமே மறைய ஆரம்பிச்சுது. உலகம் முழுக்க எல்லா நிரலும் அந்த இருட்டு மூலையில தன் தன் சாமானைக் கொட்டிக்கிட்டிருக்கு. எவனோ ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் போற அவசரத்துல எழுதின ஒரு வரி!

உன் போனைத் திறந்து ஃபைல் மேனேஜர்ல மறைஞ்சதைக் காட்டுன்னு போட்டுப் பாரேன், வாட்ஸப் ஃபோல்டருக்குள்ள புள்ளி வெச்சு ஸ்டேட்டஸுக்குன்னு ஒண்ணு இருக்கும். ஊர்ல யார் யாரோ வெச்ச ஸ்டேட்டஸை நீ பார்த்ததுக்கு அத்தாட்சி. அது தானாக் காலியாகிடும், அதை விடு. சென்ட்னு ஒரு ஃபோல்டர் இருக்கு பாரு, அதுதான் மோசம். நீ மத்தவங்களுக்கு அனுப்பினதோட நகல் அங்க சேர்ந்துக்கிட்டே போகும், கேலரியிலயும் தெரியாது.

பெரியம்மா போன் இப்படித்தான் நின்னு போச்சு. விடியக்காலம் நாலரைக்கு எழுந்து அவங்க முதல் வேலை காலை வணக்கம் அனுப்பறது. பிள்ளையார், ரோஜாப்பூ, ஆவி பறக்கற காபி டம்ளர். உறவு முழுக்க அனுப்பணும், யாரையாவது விட்டா அவங்க கோச்சுக்குவாங்களாம். "போன் சூடாயிடுச்சு, செத்துடுச்சு"ன்னு கொண்டாந்தாங்க. இது நம்ம பெரியம்மா வியாதி மட்டும்னு நினைக்காத. இந்தியாவுல போனெல்லாம் ஏன் இப்படி அடைச்சுக்குதுன்னு கூகுள்காரங்களே தலையைச் சொறிஞ்சுக்கிட்டுத் தேடினப்போ, கடைசியில மாட்டினது இந்தக் காலை வணக்கம் படங்கதான்னு 2018 ஜனவரியில வால் ஸ்ட்ரீட் ஜர்னல்ல செய்தியே வந்துச்சு. அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் டெல்லியில ஃபைல்ஸ் கோன்னு ஒரு செயலியை வெளியிட்டிருந்தாங்க, இப்ப அதோட பேரு ஃபைல்ஸ். அந்தக் காலை வணக்கப் படங்களைத் தனியாப் பிரிச்சு அழிக்கவே அதுல ஏற்பாடு இருந்துச்சு. அமெரிக்காவுல உக்காந்து நம்ம பெரியம்மாவோட ரோஜாப்பூவை ஆராய்ச்சி பண்ணியிருக்காங்கன்னு அவங்ககிட்டயே சொன்னேன். ரொம்பப் பெருமைப்பட்டு, அன்னைக்கு ரெண்டு ரோஜாப்பூ சேர்த்து அனுப்பினாங்க.

பயமுறுத்தற இன்னொரு வகை மறைவும் இருக்கு. இங்க ஒரு டீச்சரம்மா பிள்ளைங்களைத் திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தாங்க. ரெண்டு கோடி வருஷத்துக் கல்மரத்தை ஒவ்வொரு பிள்ளையும் ஒரே கோணத்துல எடுத்த போட்டோ அத்தனையும் ஒரு பென்டிரைவ்ல. அதை எங்கயோ ஒரு கம்ப்யூட்டர்ல செருகியிருக்காங்க, வைரஸ் ஏறிடுச்சு. திறந்தா ஒரே ஒரு ஷார்ட்கட், வேற ஒண்ணும் இல்ல. ஹெச்எம் கேப்பாங்களேன்னு அவங்க கை நடுங்குது. பிராப்பர்ட்டீஸ்ல பார்த்தா 8 ஜிபியில 6 ஜிபி ரொம்பியிருக்குன்னு காட்டுது. அப்போ போட்டோ எங்கயும் போகல, அந்த வைரஸ் எல்லாத்தையும் சிஸ்டம் ஃபைல்னு முத்திரை குத்தி மறைச்சிட்டு, தன்னை ஷார்ட்கட்டா வாசல்ல நிறுத்தியிருக்கு. ஷார்ட்கட்டைத் தொடாம, வியூவுல ஹிடன் ஐட்டம்ஸும் போட்டு, ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்ல சிஸ்டம் ஃபைல்களை மறைக்கற டிக்கையும் எடுத்தேன். கல்மரம் மொத்தமும் வந்து நின்னுது. டீச்சரம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. வேலை முடிஞ்சதும் அந்த டிக்கைத் திரும்பப் போட்டுட்டேன், நீயும் போட்டுடணும். சிஸ்டம் ஃபைலெல்லாம் கண்ணு முன்னாடி திரிஞ்சா உன் கை சும்மா இருக்காது.

உதாரணத்துக்கு, வின்எஸ்எக்ஸ்எஸ்னு ஒரு ஃபோல்டரைப் பார்த்துட்டு நீ அலறுவ, பத்து ஜிபிக்கு மேல காட்டும். ஓட்டர் லிஸ்ட்ல ஒரே ஆளு பேரு ரெண்டு வார்டுல இருந்தா தலை ரெண்டுன்னு கணக்கு வரும், ஆளு ஒருத்தர்தான். அங்கயும் அதே கணக்குதான், விண்டோஸ் ஃபோல்டர்ல இருக்கற அதே ஃபைலுக்கு இன்னொரு பேரு. அதைக் கையால அழிச்சா விண்டோஸே விழுந்துடும். பேஜ்ஃபைல்னு ஒண்ணு தெரியும், அதுவும் மெமரிக்குக் கைமாத்தா இடம் குடுக்கறது, இருக்கட்டும். டெம்ப் ஃபோல்டர் மட்டும் உன் இஷ்டம், வேற எதுவும் திறக்காம இருக்கறப்போ உள்ள இருக்கறதை அழி, ஏதாவது அழிய மாட்டேன்னா ஸ்கிப் குடுத்துட்டுப் போ.

ஒரே க்ளிக்குல சுத்தம்னு விளம்பரம் வருதே, அதை நம்பி எதையும் ஏத்தாதடி. சிசிகிளீனர்னு ஊரே வெச்சிருந்த நிரல். 2017-ல அதோட ஒரு பதிப்புக்குள்ளயே திருட்டுப் பசங்க புகுந்து, இருபத்திரண்டு லட்சத்துக்கும் மேல ஆளுங்க அதைத் தெரியாமலே ஏத்திக்கிட்டாங்க. விண்டோஸ்லயே ஸ்டோரேஜ் சென்ஸ்னு இருக்கு, டிஸ்க் கிளீனப் இருக்கு, உன் வீட்டுக்கு அது போதும்.

ஒன்டிரைவ் பத்தி ஒண்ணு, மறந்துடப் போறேன். உன் பிக்சர்ஸ் ஃபோல்டர் ஒன்டிரைவ் மேகத்தோட இணைஞ்சிருந்தா, அங்க அழிக்கறது மேகத்துலயும் அழியும். அழிக்காம, ரைட் கிளிக் பண்ணி ஃப்ரீ அப் ஸ்பேஸ் குடு. போட்டோ மேகத்துல இருக்கும், லேப்டாப்ல பேரு மட்டும் நிக்கும்.

என் கடைக் கம்ப்யூட்டர்ல இடம் அடைக்கறது இதெல்லாம் இல்ல, ஜனங்களோட ஆதார். ஆளுக்கு ஆளு வாட்ஸப்ல அனுப்பறாங்க, பிரின்ட் எடுக்கறோம், அது டவுன்லோட்ஸ்ல தங்கிடுது. பான் கார்டு, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், சில பேரு கல்யாணப் பத்திரிகை, ஒரு ஆளு லவ் லெட்டர் கூட. (யாருன்னு நேர்ல சொல்றேன்.) இ-ஆதாருக்குப் பாஸ்வேர்டு இருக்குன்னு பேருதான், பேரோட முதல் நாலெழுத்தும் பிறந்த வருஷமும், அதையும் அவங்களே கூட அனுப்பிடறாங்க. நான் தினம் கடை சாத்தறப்போ ஷிஃப்ட் அமுக்கிக்கிட்டு டெலீட் குடுத்துடறேன், ரீசைக்கிள் பின்னுக்கே போகாம போயிடும். எத்தனை கடையில இதைச் செய்யறாங்க சொல்லு? இடம் ரொம்பினாத்தான் அழிக்கணும்னு நினைக்கறாங்க. 1 டிபி டிஸ்க் வாங்கிப் போட்டா எப்ப ரொம்பும்? அதுவரைக்கும் பாதித் தாலுகாவோட ஆதார் அங்கதான் கிடக்கும். நீ இனிமே எங்க பிரின்ட் எடுத்தாலும் கடைக்காரர்கிட்ட நின்னு, அழிச்சுடுங்கண்ணேன்னு சொல்லி, அவர் அழிக்கறதைப் பார்த்துட்டு வா. கூச்சப்படாத.

சரி, வம்புக்கு வர்றேன். மரக்காணம் மாமா போன வாரம் திரும்ப வந்தாரு, டிஸ்க் ரொம்பிடுச்சாம். இருபது ஜிபி காலி பண்ணிக் குடுத்தேனே, உப்புக் கணக்கு அவ்ளோவான்னு திறந்து பார்த்தா, முழுக்க எம்ஜிஆர் படம். அத்தைக்குத் தெரியக் கூடாதுன்னு ஃபோல்டரை மறைச்சு வேற வெச்சிருக்காரு! வைரஸ் எப்படி மறைச்சுதுன்னு நான் டீச்சரம்மாவுக்கு விளக்கறப்போ பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டிருந்தாராம். அத்தைகிட்ட நான் மூச்சு விடல, நீயும் விடாத.

நீ நாளைக்கே வின்டிர்ஸ்டாட்டை ஓட்டி, அந்தக் கலர் கட்டத் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்ற வரைக்கும் எதையும் அழிக்காத. வீட்டுக்காரர்கிட்ட ஐபோன் பேக்கப் பத்திக் கேட்டதும் அவர் மூஞ்சி எப்படிப் போச்சுன்னு மட்டும் மறக்காம எழுது.

உன் கடைசி பெஞ்சுக் கூட்டாளி